வீட்டில் ஒட்டுத்துணிப் போர்வை, தக்ளி, சின்னத் தறி: எதில் தொடங்குவது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார். பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள், மதியம் முழுக்க நேரம் கிடைக்கிறது. பழைய துணிகளைச் சேர்த்துத் தைக்கும் குவில்ட், கையால் நூல் நூற்பது, மேசைமேல் வைத்து நெய்யும் சின்னத் தறி, மூன்றின் மேலும் ஆசை. எதை முதலில் எடுப்பது? செலவு அதிகம் ஆகுமா? கடலோரத்து ஈரக் காற்றில் பஞ்சும் நூலும் கெட்டுப்போகாதா? பிற்பாடு கொஞ்சம் வருமானம் வருமா?

முதலில் குவில்ட். அதற்கு வேண்டிய துணி உங்கள் பீரோவிலேயே இருக்கிறது. அது பாதியில் இருக்கும்போதே, கையால் சுழற்றி நூல் நூற்கும் சின்னக் கருவியான தக்ளி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தறியைக் கடைசியில் வாங்குங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வீடியோவில் பார்த்த தறி அழகாக இருக்கிறதே என்று சில ஆயிரம் கொடுத்து வாங்குவார்கள். பாவு, அதாவது தறியின் நீளவாக்கு இழைகளை, கட்டும்போது ஒரு பக்கம் தொய்யும், ஒரு பக்கம் விறைக்கும், நாலு இழை அறும். அப்புறம் தறி பரணுக்குப் போய்விடும். தறியில் தவறு ஒன்றும் இருக்காது. நூல் எவ்வளவு இழுவை தாங்கும், முறுக்கு குறைந்தால் என்ன ஆகும் என்பது அவர்கள் விரலுக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லித்தருவது தக்ளி. நூற்ற நூலைப் பயன்படுத்தவே போவதில்லை என்றாலும் தக்ளி பழகுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். நூற்றுப் பார்த்தவர் தறியில் உட்கார்ந்தால் அவர் கை வேறு மாதிரி வேலை செய்யும்.

ஈரக் காற்றைப் பற்றிய பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். பருத்திக்கு ஈரம் நல்லது. பருத்தி இழை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நூல் வணிகத்தில் அதன் இயல்பான ஈரப்பதம் எடையில் 8.5 சதவீதம் என்றுதான் கணக்கிடுவார்கள். நனைந்த பருத்தி காய்ந்ததைவிட வலுவானது. உலர்ந்த காற்றில் பஞ்சு விரலிலும் புடவையிலும் ஒட்டிக்கொண்டு பறக்கும், இழை சட்டென்று முறியும். அதனால்தான் வறண்ட ஊர்களில் பஞ்சாலைக்குள் தண்ணீரைப் புகையாகத் தெளிக்க வேண்டியிருக்கிறது. நமக்குக் கடலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. புதுச்சேரியில் சவானா, ரோடியர், பாரதி என்று மூன்று பெரிய ஆலைகள் தலைமுறை தலைமுறையாக ஓடின. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்ததை இன்றும் நினைவுகூர்கிறார்கள். ரோடியர் ஆலை, அதாவது ஏ.எஃப்.டி., 2020-இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது இருந்தால், அறுந்த இழைக்கு எப்படி முடிச்சுப் போடுவது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் போட்டுக் காட்டுவார்கள். அந்தச் சின்ன முடிச்சு, தறியில் இழைகள் நுழைந்து வரும் சீப்பு போன்ற அச்சில் சிக்காமல் போகும். தறிக்கு வரும்போது உங்களுக்கு மிகவும் தேவைப்படப் போவது அதுதான்.

ஈரத்தால் வரும் தொல்லை ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும். துணியில் பூஞ்சணப் புள்ளி விழும். அதற்கான வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, குவில்ட். மேலே ஒட்டுத் துணி, நடுவே ஓர் அடுக்கு, கீழே பின்துணி, மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல். இவ்வளவுதான் குவில்ட். வெளிநாட்டுப் புத்தகங்களில் நடு அடுக்கு தடிமனான பஞ்சாக இருக்கும். பனி பெய்யும் ஊருக்கு அது வேண்டும். நம் ஊரில் மார்கழியில்கூட அந்தப் போர்வைக்குள் புழுங்கித்தான் போவோம். நமக்குச் சரியானது இந்த நாட்டுக்காரர்களே கண்டுபிடித்த வழி. வங்காளத்துக் காந்தா, மராட்டியத்துக் கோதடி, வட கர்நாடகத்துக் கவுதி எல்லாமே பழம்புடவையும் வேட்டியும் அடுக்கி, பஞ்சு வைக்காமல், நெருக்கமான ஓட்டுத்தையலால் பிடித்தவை. நம் வீடுகளிலும் பிறந்த குழந்தைக்குப் பாட்டியின் நூல்புடவையை மடித்துத் தைத்து விரிப்பு செய்வது உண்டு. பழந்துணியின் மென்மை புதுத்துணியில் வராது.

முதல் வேலைக்குக் குழந்தைப் போர்வை அளவு போதும். 5 அங்குலச் சதுரங்களாக 80 துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஒவ்வொன்றும் நாலரை அங்குலம் நிற்கும். அகலத்துக்கு 8, நீளத்துக்கு 10 வைத்தால் 36-க்கு 45 அங்குலம். பின்துணி நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும், அதாவது 40-க்கு 49. ஒரு நூல்புடவையின் அகலம் 45 அங்குலத்துக்குக் குறையாது என்பதால் ஒட்டுப் போடாமலே பின்துணி கிடைத்துவிடும். நடு அடுக்குக்கு ஒரு பழைய நாலு முழ வேட்டி போதும். அது துவைத்துத் துவைத்துச் சுருங்கவேண்டிய அளவு சுருங்கியிருக்கும் என்பது இன்னொரு வசதி.

துணி தேர்ந்தெடுப்பதில் மட்டும் கறாராக இருங்கள். பழம்புடவை பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் உட்காரும் இடத்திலும் கொசுவம் செருகும் இடத்திலும் இற்றுப்போயிருக்கும். இரண்டு கையாலும் பிடித்துக் குறுக்கே ஓர் இழுப்பு, நீளவாக்கில் ஓர் இழுப்பு. 'சர்' என்று சத்தம் கேட்டால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். பாலியெஸ்டர் கலந்ததையும் பருத்தியையும் ஒரே போர்வையில் சேர்க்காதீர்கள். இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் ஒன்று சுருளும், மற்றது அசையாது. ஈரம் உறிஞ்சுவதிலும் இரண்டும் வேறு. சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியாகும்.

சாயம் போகும் துணி போர்வையையே கெடுத்துவிடும். சிவப்பு, மெரூன், கரு நீலம் மூன்றையும் தனித்தனியாக நனைத்து, வெள்ளைத் துணிமேல் அழுத்தி வைத்துப் பாருங்கள். கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சாயம் ஏற்றும் நேரத்தில் உப்புக்கு வேலை உண்டு, இழைக்குள் சாயம் போக அது உதவும். ஏற்றி முடித்துக் கடையில் விற்ற துணிக்கு உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. போகிற சாயம் போகும்வரை அலசுவதுதான் வழி. அலசியும் நிற்காவிட்டால் அந்தத் துணி போர்வைக்கு வேண்டாம்.

புதுத்துணி கொஞ்சம் சேர்க்க ஆசையா? நம் மாவட்டத்திலேயே குறிஞ்சிப்பாடியில் கைத்தறிக் கைலி நெய்கிறார்கள். அந்தக் கட்டங்களைச் சாய்வாக வெட்டி, பூப்போட்ட புடவைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண் அங்கேயே நிற்கும். கட்டம் போட்ட துணிக்கு இன்னொரு நன்மை, வெட்ட வேண்டிய கோட்டை அதுவே காட்டிவிடும். ஆனால் சாய்வாக வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும் என்பதை மறக்கக் கூடாது. கஞ்சி போட்டு இஸ்திரி செய்துவிட்டு வெட்டினால் அடங்கி நிற்கும். புதுச்சேரிக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். துணி வகை நிறையக் கண்ணில் படும். கையால் தொட்டுப் பார்த்து வாங்கலாம்.

துண்டுகளை வரிசை வரிசையாகத் தைத்து, ஒரு வரிசையின் தையலோரத்தை இடப்பக்கமும் அடுத்த வரிசையினதை வலப்பக்கமும் மடித்து இஸ்திரி செய்யுங்கள். வரிசைகளை இணைக்கும்போது மூலைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். மூலை பொருந்தவில்லையே என்ற வருத்தம் பாதிக்குமேல் இந்த ஒன்றில் தீர்ந்துவிடும். கால் மிஷின் போதும், புதிய மிஷின் எதுவும் வேண்டாம். அப்புறம் மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, சுருக்கம் நீவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி பிறகு பிரித்துவிடக்கூடிய பெரிய பெரிய தையலாகப் போட்டுப் பிடியுங்கள். உண்மையான தையலும் நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் பின்துணி நடுவில் பொட்டணம் கட்டிக்கொள்ளும். இந்தத் தையலைக் கையால் போடுங்கள் என்பேன். பருத்தி நூலை ஒருமுறை தேன்மெழுகில் இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது. நடுவிரலுக்கு உலோக உறை மாட்டிக்கொள்ளுங்கள். வரிக்கு வரி ஒன்றரை, இரண்டு அங்குலம் இடைவெளி போதும். தையல் சின்னதாக இருக்கவேண்டும் என்று ஆரம்பத்தில் கவலைப்படாதீர்கள், ஒரே அளவாக இருந்தால் போதும். சின்னதாவது தானாக வரும்.

ஓரம் கட்டுவதற்குப் புடவைக் கரையையே பயன்படுத்தலாம். 36-க்கு 45 போர்வையைச் சுற்றி 162 அங்குலம், மூலை மடிப்புக்கும் இணைப்புக்கும் 10 சேர்த்து 172. சுமார் 4.4 மீட்டர். ஒரு புடவையின் ஒரு பக்கக் கரை மட்டுமே ஐந்தரை மீட்டர் இருக்கும். ஜரிகை இல்லாத கரையாகப் பாருங்கள். ஜரிகை குழந்தையின் தோலை உறுத்தும், துவைக்கும்போது துணி சுருங்க அது சுருங்காது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். துணிமேல் துணி வெட்டி ஒட்டித் தைப்பது நமக்கு அந்நியமான கலை இல்லை. தேர்த் திருவிழாவில் தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளையும் தேர்ச்சீலைகளையும் அடுத்த தடவை பக்கத்தில் போய்ப் பாருங்கள். சிவப்புத் துணிமேல் மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமாக வெட்டி வைத்த யாளி, தாமரை, மயில். ஓரங்களை எப்படி உள்ளே மடித்துத் தைத்திருக்கிறார்கள், வளைவில் எங்கே கத்தரி போட்டிருக்கிறார்கள் என்று கவனித்தால் ஒரு வகுப்புக்குப் போனது போல. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் உங்களுக்குப் பக்கம்தானே.

இனி தக்ளி. ஓர் இரும்புக் கம்பி, கீழே ஒரு பித்தளை வட்டு, மேலே ஒரு கொக்கி. சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். தாங்கிச் சுற்ற ஒரு கொட்டாங்குச்சி போதும், கம்பி நுனி அதன் குழிவில் அழகாக நின்று சுழலும்.

பஞ்சு விஷயத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். தலையணைக்கு அடைக்கும் இலவம்பஞ்சு கைவசம் இருக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள், நூலே வராது. இலவம்பஞ்சு இழை வழவழப்பான, மெழுகு பூசிய, உள்ளே வெற்றான குழாய். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. பருத்தி இழை அப்படி இல்லை. காய் வெடித்துக் காயும்போது ஒவ்வோர் இழையும் தட்டையாகித் தானே முறுக்கிக்கொள்கிறது. அந்த இயற்கை முறுக்குத்தான் பக்கத்து இழையைக் கவ்விப் பிடிக்கிறது. மருந்துக்கடைப் பஞ்சும் ஒத்துவராது. ஈரம் உறிஞ்சுவதற்காக அதன் மெழுகை எல்லாம் கழுவி எடுத்திருப்பார்கள். கொஞ்சம் மெழுகு இருந்தால்தான் இழை விரலிடையே வழுக்கிக்கொண்டு நீளும்.

நம் மாவட்டத்து விருத்தாசலம், மங்களூர் பக்கம் பருத்தி விளைகிறது. அங்கே தெரிந்தவர் இருந்தால் ஒரு கிலோ பருத்தி கொட்டையோடு வாங்குங்கள். எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சாகத் தேறும், மீதி கொட்டை. கொட்டையிலிருந்து கையால் பிய்த்தெடுத்த பஞ்சை உதறிப் பஞ்சு பஞ்சாக்கி, ஒரு குச்சியில் மெல்லச் சுற்றி உருவினால் விரல் தடிமனில் பட்டை கிடைக்கும். கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி கிடைத்தால் விடாதீர்கள். இழை குட்டை என்று ஆலைக்காரர்கள் ஒதுக்குவார்கள், கைக்கு அது குறையே இல்லை. துணி தடிமனாக, மெதுவாக, தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சுவதாக வரும். பிய்த்துச் சுத்தம் செய்ய நேரமில்லை என்றால் ஆலையில் பட்டை போட்ட பஞ்சாகவே வாங்கலாம். முதல் மாதத்துக்கு அதுவே நல்லது, பட்டை சரியில்லாததை உங்கள் கைக்குற்றம் என்று நினைத்துக்கொள்ள மாட்டீர்கள்.

கொக்கியில் ஏற்கெனவே நூற்ற ஒரு முழ நூலைக் கட்டி, அதன் நுனியைப் பட்டையின் முனையோடு சேர்த்துப் பிடியுங்கள். வலக்கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தக்ளியைச் சுண்ட, இடக்கை மெல்லப் பின்னால் போகட்டும். பட்டையை அழுத்தக் கூடாது. பறவைக் குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்தால் போதும், முறுக்கே பஞ்சை இழுத்துக்கொண்டு போகும். நூல் அறுந்தால் முறுக்குக் குறைவு. சுருண்டு சுருண்டு முடிச்சு விழுந்தால் முறுக்கு அதிகம். ஓரிடத்தில் தடித்து நின்றால் அந்தத் தடிப்புக்கு இரு பக்கமும் பிடித்து, லேசாக முறுக்கைத் தளர்த்தி இழுங்கள், கரைந்துவிடும். பருத்தி இழை ஓர் அங்குல நீளம்தான், அதனால் அதற்கு நாம் நினைப்பதைவிட அதிகமான முறுக்கு வேண்டும். 16-ஆம் நம்பர் நூல் பாவுக்குத் தாங்க வேண்டுமென்றால் அங்குலத்துக்குச் சுமார் 16 முறுக்கு. மெலிய மெலிய முறுக்கும் கூடும். நம்பர் என்பது 840 கெஜச் சிட்டம் (நூல் சுருள்) எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு என்ற கணக்கு. அதனால் நம்பர் ஏற ஏற நூல் மெல்லியது.

நூற்ற நூலை அப்படியே வைத்தால் முறுக்கு அடங்காமல் துள்ளிக்கொண்டே இருக்கும். சிட்டமாகச் சுற்றி, நாலைந்து இடத்தில் தளர்வாகக் கட்டி, ஒரு சிட்டிகை வாஷிங் சோடா போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். மெழுகும் அழுக்கும் வெளியேறுகின்றன, பயப்பட வேண்டாம். காய்ந்தபின் நூல் வலுவாகவும் அடக்கமாகவும் இருக்கும், சாயமும் நன்றாகப் பிடிக்கும்.

தக்ளி கைக்கு வந்து, இன்னும் வேகம் வேண்டும் என்று தோன்றினால் பெட்டி ராட்டை இருக்கிறது. காந்தியடிகள் எரவாடா சிறையில் இருந்தபோது செப்பனிட்ட வடிவம் அது. மூடினால் ஒரு சின்னப் பெட்டி, திறந்தால் இரண்டு சக்கரமும் ஒரு கதிரும். இடக்கை நூலை இழுக்க வலக்கை சக்கரம் சுற்றும் அந்தத் தாளம் பிடித்துவிட்டால் எழுந்திருக்க மனமே வராது. 1950-களில் கதர் உலகத்தில் பரவிய பல கதிர் கொண்ட அம்பர் ராட்டையை உருவாக்கியவர் ஏகாம்பரநாதன் என்ற தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் அது உற்பத்திக்கான கருவி. உங்கள் மதிய நேரத்துக்குப் பெட்டி ராட்டை போதும்.

தறிக்கு வருவோம். ஒரு படச்சட்டத்தில் மேலும் கீழும் கால் அங்குல இடைவெளியில் ஆணி அடித்தால் அதுவே ஒரு தறிதான். ஒரு சின்ன விரிப்பு, சுவரில் மாட்டும் துண்டு நெய்யலாம். ஆனால் ஒவ்வோர் இழையாகத் தூக்கி குறுக்கே போகும் நூலான ஊடையை ஊசியால் நுழைக்க வேண்டும், சீக்கிரம் அலுத்துவிடும். வீட்டுக்குப் பொருத்தமானது 15, 16 அங்குல அகலத்தில் வரும் மேசைத் தறி. அதில் இழைகளைத் தூக்கும் விழுதும் ஊடையைத் தட்டும் அச்சும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே சட்டம் இருக்கும். ஒரு துளை, ஒரு பிளவு என்று மாறி மாறி இருக்கும். சட்டத்தைத் தூக்கினால் துளையில் கோத்த இழைகள் மேலே போகும், இறக்கினால் கீழே வரும். நடுவில் திறக்கும் வாயில் நாடாவை, அதாவது ஊடை நூல் சுற்றிய கட்டையை, அனுப்ப வேண்டியது, அதே சட்டத்தால் தட்ட வேண்டியது. மிதி இல்லை, குழி வேண்டாம், மடியிலும் மேசை விளிம்பிலும் சாய்த்து வைத்துக்கொள்ளலாம்.

எந்த நூலுக்கு எத்தனை இழை என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. நூலை அடிக்கோலில் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஓர் அங்குலத்துக்குச் சுற்றி எண்ணுங்கள். அதில் பாதி, சாதா நெசவுக்கு ஓர் அங்குலத்துக்கு வேண்டிய பாவு இழை. 20 சுற்று வந்தால் 10 இழை.

கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் நூல் பாதியில் தீர்ந்துபோவதுதான் பெரிய வேதனை. அடுக்களைக்கு மூன்று கைத்துண்டு, ஒவ்வொன்றும் 24 அங்குலம், அகலம் 14. மொத்தம் 72 அங்குலம். நெய்யும்போது வளைந்து போவதற்கும் துவைத்தால் சுருங்குவதற்கும் சேர்த்து 80 என்று வையுங்கள். தறியில் கட்டவும் கடைசியில் நெய்ய முடியாமல் நிற்கவும் 20 போகும். ஆக 100 அங்குலம், சுமார் 2.5 மீட்டர். அங்குலத்துக்கு 10 இழை என்றால் 14 அங்குலத்துக்கு 140 இழை. 140-ஐ 2.5-ஆல் பெருக்கினால் பாவுக்கு 350 மீட்டர். ஊடைக்கு இதைவிடக் கொஞ்சம் குறைவாக, 310 மீட்டர். இரண்டும் சேர்ந்து 660. 8-ஆம் நம்பர் நூலை நாலு இழை சேர்த்து முறுக்கியது ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 3.4 மீட்டர் வரும், அப்படியானால் 200 கிராம் நூல் போதும். நான் 250 வாங்கச் சொல்வேன்.

பாவு கட்டும் நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் யாராவது ஒருவர் எதிர்முனையைப் பிடித்து ஒரே இழுவையில் நிற்க, நீங்கள் தறி உருளையில் சுற்றுங்கள். சுற்றுக்குச் சுற்று நடுவே தடித்த காகிதம் வையுங்கள். இல்லாவிட்டால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்து, இழுவை இழைக்கு இழை மாறிவிடும். நெசவில் வரும் குறைகளில் பெரும்பாலானவை நெய்யும்போது வருவதில்லை, பாவிலேயே வந்துவிடுகின்றன. உங்கள் தக்ளி நூலை ஆரம்பத்தில் ஊடைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஊடைக்கு இழுவை இல்லை, முறுக்கு முன்பின் இருந்தாலும் தாங்கும், அந்த மேடுபள்ளம் துணிக்கு ஓர் அழகு. பாவுக்கு ஆலை நூலே இருக்கட்டும்.

நெய்ய ஆரம்பித்ததும் எல்லோருக்கும் வரும் தொல்லை, துணி போகப் போக ஒடுங்குவது. 14 அங்குலத்தில் தொடங்கி 11-இல் வந்து நிற்கும். ஊடையை நேராக விறைப்பாக இழுத்துவிட்டுத் தட்டுவதுதான் காரணம். பாவின் மேலும் கீழுமாகப் புரண்டு போக ஊடைக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அதனால் வாய்க்குள் ஊடையைச் சாய்வாக, சற்று மேலேறிப் போகும்படி விட்டுவிட்டுத் தட்டுங்கள். ஓரத்தில் இழுக்காதீர்கள், வளையமாகவும் விடாதீர்கள், தொட்டும் தொடாமல் நிற்கட்டும்.

நம் பக்கத்தில் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆள் இருக்கிறார்கள் என்பதை நாம் மதிப்பதே இல்லை. புதுச்சேரியின் வடக்கே முத்தியால்பேட்டை நெசவாளர் பகுதி. குறிஞ்சிப்பாடிக்கு விருத்தாசலம் போகும் ரயிலிலேயே போகலாம். தறிக்குழியில் உட்கார்ந்து நெய்பவரின் இடக்கையும் வலக்கையும் காலும் எப்படி ஒன்றுக்கொன்று காத்திருக்கின்றன என்பதை எந்த வீடியோவும் காட்டாது. ஆனால் ஒன்று. அவர்களுக்குக் கூலி நெய்த அளவுக்குத்தான். நீங்கள் கேள்வி கேட்கும் நேரம் அவர்கள் கூலியில் போகும் நேரம். முன்கூட்டியே சொல்லிவிட்டு, கஞ்சி போடும் வேலையோ ஊடை நூலைத் தாராகச் சுற்றும் வேலையோ நடக்கும் சமயத்தில் போங்கள், திரும்பும்போது கைலியோ துண்டோ அவர்களிடமே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.

சாயம் போடும் ஆசையும் சீக்கிரமே வரும், எல்லோருக்கும் வருகிறது. வரவும் வேண்டும், இந்தக் கரையின் பழைய பெருமையே அதுதான். அரிக்கமேட்டில் 1945-இல் அகழ்ந்த மார்டிமர் வீலர் அங்கே கண்ட செங்கல் தொட்டிகள் துணிக்குச் சாயம் போட்டவை என்று கருதினார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரி நீலத்துணி 'கினே' என்ற பெயரில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. தென்னாற்காட்டில் அவுரி வயல்கள் இருந்தன. இன்றும் ஆரோவில்லில் அவுரியைப் புளிக்கவைத்தே நீலம் ஏற்றுகிறார்கள். வீட்டில் முயல்வதானால் தலைமுடிக்கு விற்கும் அவுரி இலைப்பொடியை நம்பி இறங்காதீர்கள், துணிக்கு வேண்டியது நீலக்கட்டி. அதுவும் தண்ணீரில் கரையாது, பிராணவாயு நீங்கிய தொட்டியில்தான் கரைந்து மஞ்சள் கலந்த பச்சை நிறமாகும். துணியை வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு நீலமாக மாறுவதைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். இது தனியாக எழுத வேண்டிய விஷயம். ஆரம்பத்துக்கு மாதுளைத் தோலும் கடுக்காயும் படிகாரமும் போதும், பழுப்பும் மஞ்சளும் உறுதியாகக் கிடைக்கும்.

வருமானம் பற்றி. கையால் நூற்று, கையால் நெய்த துண்டுக்கு உங்கள் நேரத்தைக் கூலியாகப் போட்டால் வாங்க ஆள் இருக்காது. கூலி போடாமல் விற்றால், அதையே நம்பி வாழும் நெசவாளரின் விலையை நாம் கெடுக்கிறோம். அதனால் தக்ளியும் தறியும் உங்களுக்காகவும் கொடுக்க நினைப்பவர்களுக்காகவும் இருக்கட்டும். குவில்டில் வேறு கதை. ஒரு குடும்பம் தங்கள் பாட்டியின் புடவைகளைக் கொண்டுவந்து கொடுத்து, போர்வையாக வேண்டும் என்றால் அதற்கு நியாயமான கூலி கேட்கலாம், கொடுப்பார்கள். துணியை வாங்கும்போதே அவர்கள் முன்னால் இழுத்துப் பார்த்து, எது தேறும் எது தேறாது என்று சொல்லிவிடுங்கள்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். தையலை மதிய வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துக்கொண்டால் கண்ணுக்கு நல்லது. தரையில் குனிந்து அடுக்குப் பிடிப்பதைக் கட்டில் உயரத்துக்கு மாற்றிக்கொண்டால் இடுப்பு தப்பும். தக்ளி கால் மணி நேரம், அப்புறம் தோளைத் தளர்த்த ஒரு நடை.

கடைசியில் சொல்கிறேன் என்ற மழைக்காலம். போர்வையோ நூலோ கஞ்சியோடு உள்ளே வைக்கக் கூடாது, கஞ்சி பூஞ்சணத்துக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் தீனி. அலசிக் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் பழைய வேட்டியில் சுற்றி, நொச்சி இலையோ வேப்பிலையோ காய்ந்ததாகப் போட்டு வையுங்கள். சுவரை ஒட்டிய பீரோவின் அடித்தட்டு வேண்டாம், மேல் தட்டில் வையுங்கள். மழை விட்டு வெயில் அடிக்கும் நாளெல்லாம் எடுத்து விரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் இருந்தால் அந்தக் கோட்டில்தான் முதலில் கிழியும். தறியில் பாவு பாதியில் நிற்கும்போது அடைமழை பிடித்துக்கொண்டால் உருளையின் பூட்டைத் தளர்த்திவிடுங்கள். ஈரத்தில் பருத்தி நூலின் இழுவை மாறும், காய்ந்ததும் சரியாகிவிடும். அன்றைக்குத் தக்ளியை எடுத்துக்கொள்ளுங்கள், மழைநாளின் ஈரக் காற்றில் நூல் அறுவது குறைவு.